கார்முகில் கண்ட பாவு

புத்தகத்தை முனிரத்தினமே நேரில் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்போது கமலவேணியும் அவள் கணவன் குமாரசாமியும் தறியில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். கரை வேறு நிறத்தில் வரும் பட்டுச் சேலையை ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. நடுப்பகுதிக்குக் குறுக்கிழை ஓட்டும் ஒரு நாடா, கரைகளுக்குத் தனித்தனியாக இரண்டு. வலது கரையின் நாடாவை அவள் விடுவாள். மற்ற இரண்டும் அவன் கையில். மணமாகி மூன்று வருடம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தறிப்பலகையில் உட்கார்ந்துதான். அவள் ஏதாவது ஒரு பழம்பாட்டைச் சொல்வாள். நாடா நாலு தடவை போய்வருவதற்குள் அந்தப் பாட்டில் எது சொல்லப்படாமல் இருக்கிறது என்பதையும் சொல்வாள். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த குமாரசாமி, "அப்புறம்?" என்பான்.

"யாரோ வந்துக்கிறாங்க பாரு," என்றான் அவன்.

வாசலில் வெள்ளை ஜிப்பாவும் தோளில் துண்டுமாக முனிரத்தினம் நின்றார். கமலவேணி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் வாலாஜாபாத்தில் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணி பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து நூலகத்தின் பின்னறையில் வாசகர் வட்டம் நடத்துவார். பெண்கள் ஏழெட்டுப் பேர் போவார்கள். கமலவேணி அப்போது கல்யாணமாகாத பெண். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவது வழக்கமில்லை. தோன்றியதை வீட்டிலேயே எழுதி, பெயர் போடாமல், மடித்து அவரிடம் கொடுத்துவிடுவார்கள். "ஒரு வாசகி எழுதியிருக்கிறார்" என்று அவர் கூட்டத்தில் படிப்பார். கமலவேணி தன் அப்பா சேலைப் பூ வரைந்து கழித்த கட்டம் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். இரண்டு வருடத்தில் முப்பது தாள்களாவது எழுதியிருப்பாள். ஒன்றையும் திருப்பிக் கேட்டதில்லை. தன் வார்த்தைகள் அடுத்தவர் குரலில் ஒலிப்பதைத் தலைகுனிந்து கேட்பதே அந்த வயதில் பெரிய சந்தோஷமாக இருந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? நான் இப்ப மெட்ராஸ்ல காலேஜ் லெக்சரர்," என்றார் முனிரத்தினம். "இந்தப் புத்தகம்தான் என்னை அங்கே கொண்டுபோச்சு. முதல் பதிப்பு ஆறே மாசத்துல தீர்ந்துபோச்சுன்னா பாத்துக்குங்க."

அட்டையில் 'பாட்டுக்குள் போகும் வழி' என்றிருந்தது. கீழே: கவிதையைப் படித்துச் சுவைக்க ஒரு கையேடு. உள்ளே பச்சை மையில், 'நல்ல வாசகிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் பெயரை எழுதவில்லை.

காப்பி கலந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டு, கமலவேணி தூணோரமாக நின்று புத்தகத்தைப் பிரித்தாள். முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது.

'அந்தியில் விளக்கை ஏற்றினேன் என்று அவள் இந்தப் பாட்டில் மூன்று முறை சொல்கிறாள். எரிகிற விளக்கை யாரும் மூன்று முறை ஏற்றுவதில்லை. அப்படியானால் நடுவில் அணைத்தது யார்? அவளேதான். வாசலில் நிற்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.'

இது அவள் எழுதியது. ஒரு எழுத்து மாறவில்லை. அறுபத்தைந்தில் அண்ணன் ஆதிகேசவன் பட்டாளத்திலிருந்து கடிதம் போடாத நான்கு மாதமும், தினம் அந்தியில் அவள் செய்தது அது. விளக்கை ஏற்றுவாள். யாரும் வராத தெருவைப் பார்ப்பாள். வாயால் ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுவாள். 'உள்ளே வாடி' என்று அம்மா கூப்பிட்டால், 'காத்துல அணைஞ்சிபோச்சும்மா' என்பாள். அண்ணன் வரவேயில்லை, தந்திதான் வந்தது.

அடுத்த வரியைப் படித்தாள். 'என் தாயார் இப்படிச் செய்வதைச் சிறுவனாக நான் கண்டிருக்கிறேன்.'

"காப்பி ரொம்ப நல்லா இருக்கு," என்றார் முனிரத்தினம். "உங்களை மாதிரி வாசகிங்க குடுத்த ஊக்கம்தான் எல்லாம். இப்ப ஒரு சின்ன உதவிம்மா. நெசவாளர் சங்கத்துல படிப்பகம் திறக்கறாங்க. ஐப்பசி கடைசி ஞாயிறு. என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க. இரண்டாம் பதிப்பும் அன்னிக்கே வெளியீடு. நெசவைப் பத்தி ஒரு பாட்டு எடுத்துப் பேசினா நல்லா இருக்கும்." ஜிப்பாப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். "இதைப் பத்தி உங்களுக்குத் தோணறதை, முன்னே மாதிரி எழுதிக் குடுங்களேன்."

யார் பாடியதென்று தெரியாத ஒரு பழைய பாட்டு. பிரிந்து போனவன் தேரில் திரும்பி வருகிறான். செய்தி கேட்ட பெண் வாசலுக்கு வருகிறாள். கடைசி அடி: 'கார்முகில் கண்ட தெருப்பாவு போல நின்றாள்.'

"ரெண்டு நாள்ல எழுதித் தர்றேன் சார்," என்றாள் கமலவேணி.

அவர் போனதும் அன்று அவள் தறிக்குத் திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் புத்தகத்தை முடித்தாள். மொத்தம் பன்னிரண்டு கட்டுரைகள். முதலும் கடைசியும் அவருடையவை; அவற்றில் சுவை என்ற சொல்தான் நிறைய இருந்தது. நடுவிலிருந்த பத்தும் அவளுடையவை.

மறுநாள் தறியில் பாட்டு இல்லை. குமாரசாமி பொறுத்துப் பார்த்தான். "பேசாம நாடா விட்டா கரை இறுகுது, வேணி. இன்னா ஆச்சு?"

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நாடா தவறியது. துக்கத்தால் இல்லை, கோபத்தால்.

"சீட்டு மாத்திக் கட்டிட்டான்னு சொல்லு," என்றான் அவன்.

அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெய்து கொடுக்கும் ஒவ்வொரு சேலையின் முனையிலும் நெய்தவர் பெயரெழுதிய சீட்டு கட்டியிருக்க வேண்டும். அளவில் குறைந்தால், கறை பட்டால் மன்னிப்பார்கள். அடுத்தவர் நெய்த சேலையில் தன் சீட்டைக் கட்டியவனை மட்டும் விடமாட்டார்கள். சங்கம் கூடி, நடுவில் உட்காரவைத்து, அவன் கையாலேயே அந்தச் சீட்டை அவிழ்த்து, நெய்தவர் பெயரை எழுதிக் கட்டச் சொல்வார்கள். போன வருடம் கலியன் என்பவன் அப்படி எழுதினான். அதற்குப் பிறகு அவனை இந்தப் பக்கம் பார்த்தவர்கள் குறைவு.

"நேரா போய்த் தலைவர்கிட்ட சொல்லிடலாமா?"

"எத்த காட்டிச் சொல்றது? நான் எழுதின தாளெல்லாம் அவர்கிட்ட இருக்குது. நான்தான் அந்த வாசகின்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் வாயாலயே சொல்லணும். எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"அவர் ஏன் சொல்லப்போறார்?"

கமலவேணி நாடாவை விட்டாள். அது வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

அன்று மத்தியானம் அந்தப் பாட்டைப் பற்றி உட்கார்ந்து எழுதினாள். பழக்க தோஷம், உண்மையைத்தான் எழுதினாள். நன்றாக வந்தது. நன்றாக வந்ததுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. இதையும் அவர் தன் தாயார் கணக்கில் சேர்த்துக்கொள்வார். நாலாகக் கிழித்துத் தறிக்குழியில் போட்டாள்.

பிறகு முனிரத்தினத்தை நினைத்துக்கொண்டாள். வாசகர் வட்டத்தில் எந்தப் பாட்டு நடந்துகொண்டிருந்தாலும், வெளியே முதல் தூறல் விழுந்தால் அவர் பாதியில் நிறுத்திவிடுவார். ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டி நனைத்துக்கொண்டு வந்து, "எங்க அப்பா இந்நேரம் வரப்புல நின்னு சிரிச்சிக்கினு இருப்பார்," என்பார். ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் விவசாயக் குடும்பம். அவருக்கு மழை என்றால் சந்தோஷம், வேறு அர்த்தமே கிடையாது.

நெசவாளர் தெருவில் பாவு நீட்டுவது விடியற்காலையில். ஒரு பாவு என்றால் மூன்று சேலைக்கான இழைகள். கஞ்சி போட்ட பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்குக் கட்டி இழுத்து, வெயில் ஏறுமுன் ஆற்றிச் சுருட்டிவிடுவார்கள். பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் எந்த நாளும் அதைப் பார்த்திருக்க முடியாது.

ஒரு புதுத் தாளை எடுத்து எழுதினாள். 'வானம் பார்த்த மண் மழைக்கு ஏங்குவதுபோல் தெருவில் விரித்த பாவும் ஏங்குகிறது. கார்முகிலைக் கண்டதும் நெசவாளர் உள்ளம் பூரிக்கும். துளி பட்ட பட்டுதான் மெருகேறும். அந்தப் பாவு போல அவளும் சிலிர்த்து நின்றாள்.' படித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் பொய்.

மூன்றாம் நாள் முனிரத்தினம் வந்தார். தாளை நீட்டுவதற்கு முன்னால் கமலவேணி கேட்டாள்: "சார், இதுல என் பேர் போடுவீங்களா?"

தறியில் குமாரசாமியின் கை நின்றது.

முனிரத்தினம் சிரித்தார். "பேரெல்லாம் எதுக்கும்மா? கல்யாணமான பொண்ணு. ஒரு ஆம்பள புத்தகத்துல உங்க பேர் வந்தா ஊர் நாலு விதமா பேசும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வாசகின்னே இருங்க, அதுவே கௌரவம்."

"சரிங்க சார்," என்று தாளைக் கொடுத்தாள்.

நின்றபடியே படித்தார். முகம் மலர்ந்தது. ஓரிடத்தில் மட்டும் தயங்கினார். "பாவு நனையலாமா?"

இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். "தண்ணி படாத பட்டுல பளபளப்பு ஏதுங்க சார்?" என்றாள்.

"அதானே," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசி கடைசி ஞாயிறு விடிந்தபோது வானம் வெளுத்துத்தான் இருந்தது. அதை நம்பி சங்கத் தலைவர் பரமசிவம் பாவு நீட்டினார். ஆறரை மணிக்கு மேற்கே கறுத்தது. "எடு! எடு!" என்று தெருவே கத்தியது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே ஓடி வந்தார்கள். குமாரசாமி ஒரு முனையைப் பிடிக்க, கமலவேணி பழைய சேலைகளைக் கொண்டுவந்து மேலே போர்த்தினாள். முக்கால்வாசி சுருட்டுவதற்குள் கொட்டிவிட்டது. கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பரமசிவத்தின் மனைவி கமலவேணியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

பத்தரை மணிக்கு விழா. பரமசிவம் வேட்டி மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்திருந்தார். விரல் நகங்களில் கஞ்சி காய்ந்திருந்தது. சங்கக் கட்டடத்தில் நூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் இடப்பக்கம்.

முனிரத்தினம் பத்து மணி பஸ்ஸில் வந்திருந்தார். தலையில் இன்னும் ஈரம், உற்சாகமாக இருந்தார். "வரும்போதே நல்ல மழை. நல்ல சகுனம்!" என்று தொடங்கினார். யாரும் கை தட்டவில்லை. பாட்டைச் சொன்னார். ஏற்ற இறக்கத்தோடு, கட்டம் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டே, "கார்முகிலைக் கண்டதும் நெசவாளர் உள்ளம் பூரிக்கும்..." என்றார்.

பின்வரிசையில் யாரோ, "இன்னாடா சொல்றாரு இந்தாளு?" என்று கேட்டது மேடை வரை கேட்டது. அவர் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலை உயர்த்தி, "துளி பட்ட பட்டுதான் மெருகேறும்!" என்றார்.

"மெருகு ஏறுமா?" முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். "ஐயா, காலையில தலைவர் பாவு மூணு சேலைக்கு மெருகு ஏறிப்போயி கெடக்குது. வந்து பாருய்யா!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் திட்டு கேட்டது. "கேலி பண்ண வந்தியா?" "தறியக் கண்ணால பாத்துக்கிறாரா கேளு!" பரமசிவம் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு முனிரத்தினம் பக்கம் திரும்பினார்.

"மழை வந்தா நாங்க சந்தோஷப்படுவோம்னு யார் சார் சொன்னது? பாட்டுல நின்னாள்னுதான் இருக்குது. பூரிச்சாள்னு எங்க இருக்குது?"

"அது... கவிதை நயம்னு ஒண்ணு..."

"நயம் இருக்கட்டும். படிக்கக் கத்துக்குடுக்கற புத்தகம் எழுதினவரு நீங்க. பாட்டுல இல்லாதத எங்கேந்து எடுத்தீங்க?"

முனிரத்தினத்தின் கண் பெண்கள் பக்கம் போய், தேடி, நின்றது. கமலவேணி தலைகுனியவில்லை. இந்தப் பார்வைக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். சொல்லுங்க சார், என்று மனசுக்குள் சொன்னாள். சொல்லுங்க.

"இது நான் எழுதினதே இல்லைங்க!" என்றார் அவர். தாளை உயர்த்திக் காட்டினார். "உங்க தெருப் பொண்ணு எழுதிக் குடுத்தது. அவங்க எழுத்துதான், பாருங்க. அதோ, அந்தம்மா. நெசவாளர் வீடாச்சேன்னு நம்பினேன். தப்பு என்மேல இல்லை."

நூறு தலைகள் திரும்பின. அப்போது பின்னால் குமாரசாமி எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப அந்தப் புத்தகத்துல நடுவுல கெடக்கற பத்தும் யார் எழுதிக் குடுத்தது சார்?"

முனிரத்தினம் தாளை அவசரமாக மடித்தார்.

கமலவேணி எழுந்து நின்றாள். "முப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுங்க தலைவரே," என்றாள். பரமசிவம் எடுத்தார். அவள் புத்தகம் பார்க்காமல் சொன்னாள். எரிகிற விளக்கை யாரும் மூன்று முறை ஏற்றுவதில்லை என்பதிலிருந்து, வாசலில் நிற்க ஒரு காரணம் வேண்டும் என்பது வரை. பரமசிவத்தின் விரல் வரிக்கு வரி நகர்ந்தது.

"அந்த விளக்க ஏத்தினது உங்க அம்மா இல்ல சார். நான். என் அண்ணனுக்காக. அவன் போனது இந்தத் தெருவுக்கே தெரியும். மீதி ஒம்போதும் இப்பிடியே சொல்லட்டுமா? இல்ல, நீங்க சொல்றீங்களா?"

"வேணாம்மா," என்றார் முனிரத்தினம், தரையைப் பார்த்து.

"எது சார் வேணாம்? உங்க எழுத்துதானா?" என்றார் பரமசிவம்.

"அவங்க எழுத்துதான்."

பரமசிவம் புத்தகத்தை மூடி, "அது கெடக்கட்டும். அப்ப இந்தப் பாட்டுக்கு நெஜமா இன்னாதாம்மா அர்த்தம்?" என்றார்.

அவள் பேசத் தொடங்குமுன் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளுக்கு மேலாக ஒரு தாளை நீட்டியது. நாலாகக் கிழிந்து, பாவுக்குப் போடும் கஞ்சியால் ஒட்டி, விறைத்திருந்த தாள். "தறிக்குழியில கெடந்துது," என்றான் குமாரசாமி மெதுவாக. "படிச்சி முடிக்க நாலு நாளாச்சி எனக்கு. இத்தப் படி."

படித்தாள்.

'தெருப்பாவு இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்கிறது. அது ஓட முடியாது. மேகம் அதை நோக்கி வருகிறது. அவன் வருகிறான் என்றதும் அவள் மகிழ்ந்தாள் என்று பாட்டில் இல்லை. அவன் இல்லாத நாளெல்லாம் ஒவ்வோர் இழையாகச் சேர்த்து அவள் தன்னை ஒழுங்கு செய்து வைத்திருக்கிறாள். இப்போது ஒரே நிமிடத்தில் எல்லாம் கலைந்துபோகும். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் நின்றாள்.'

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பரமசிவத்தின் மனைவியாக இருக்கலாம். பரமசிவம் நகத்திலிருந்த கஞ்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சங்கத்துல ஒரு வழக்கம் இருக்குது சார்," என்றார் கடைசியில். "அடுத்தவங்க நெய்ததுக்குத் தன் சீட்டக் கட்டினவன், அவன் கையாலயே மாத்தி எழுதணும். சேலைன்னாலும் புத்தகம்னாலும் ஒண்ணுதான் எங்களுக்கு. வந்து நடுவுல உக்காருங்க."

முனிரத்தினம் வாசலைப் பார்த்தார். அங்கே ஆட்கள் நின்றார்கள். வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் 'நல்ல வாசகிக்கு' என்று எழுதிக் கொடுத்த அதே பிரதியைக் கமலவேணி அவர் முன்னால் வைத்தாள். அதே பச்சைப் பேனா. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்புக்கும் கீழே அவர் 'கமலவேணி' என்று எழுதினார். கூட்டம் ஒவ்வொன்றாக எண்ணியது. நாலு. அஞ்சு. ஆறு. அவள் எதிரே உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு முறை பேனா தன் பெயரை எழுதி முடிக்கும்போதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை.

பத்தாவதை எழுதும்போது அவர் தலை தூக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா பேர் போட்டிருக்க மாட்டேனா?"

"கேட்டேனே சார்," என்றாள் கமலவேணி.

புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து நிதானமாகப் புரட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்துக் கட்டுரையின் தலைப்பில் நிறுத்தினாள். ஈரக் கை பட்டு அங்கே மை கொஞ்சம் கலங்கியிருந்தது. புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது சரியா விழல சார். இன்னொரு தடவை எழுதுங்க."